பல்செட் மீன்

அக்காவின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதற்கு மாப்பிள்ளை காரணமில்லை, மழை காரணமில்லை, அக்காவின் முழங்கால் வலிகூடக் காரணமில்லை. தண்ணீர் இன்னும் பழுக்கவில்லை. அவ்வளவுதான்.

"பழுக்கறதுக்கு அது என்ன வாழைத்தாரா?" என்று முதலில் சிரித்தவளே அக்காதான். அது உப்புத் தண்ணீர் மீன் விற்கிறவர் சொன்ன வார்த்தை. தொட்டியில் தண்ணீரை ஊற்றி, உப்பைக் கலந்து, கடல் பாறைத் துண்டுகளை அடுக்கி, மோட்டாரை ஓடவிட்டால் மட்டும் போதாதாம். பாறையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறி, அழுக்கைத் தின்னப் பழகி, தண்ணீர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் நிலைக்கு வரவேண்டும். அதற்கு முன்னால் மீனை விட்டால் செத்துப்போகும். அந்த நிலைக்குத்தான் அவர் பாஷையில் பழுக்கிறது என்று பெயர். சிரித்த அக்கா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து "தேதி குறிச்சிடலாமா?" என்று கேட்டபோது கொஞ்சமும் சிரிக்காமல், "தண்ணி பழுக்கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். தராசு பழுது பார்க்கிற தொழில். எதையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "பழுக்கட்டும், பழுக்கட்டும்" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு ரயிலேறினார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறெல்லாம் வாசலில் குடையை மடக்கும்போதே, "தண்ணி எப்படி இருக்கு?" என்றுதான் விசாரித்தார். கல்யாணப் பெண் எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது கேள்வி.

தம்பி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு முன்னறையில் வேலையில் இருப்பான். அவனுக்கும் வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வீட்டில் அவனுக்குத் தம்பி என்ற உத்தியோகத்திலிருந்து ஓய்வு கிடைக்கவே இல்லை. தெருவில் பல்செட்காரர் என்றால் தெரியும். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல்லைக் கோத்து, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பான். முன்னறை அலமாரி முழுக்கத் தாடைகள். சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் வாயைப் பிளந்தபடி வரிசையாக இருக்கும். "என் வீட்டுல எப்பவும் கூட்டம்தான். என்ன, ஒருத்தரும் பேசமாட்டாங்க" என்பான். ஊரில் பாதிப் பேரின் கடி அவனுக்குத் தெரியும், முகம் தெரியாது. கல்யாணத்துக்குப் போனால் பெண்ணைப் பார்க்கமாட்டான். முன்வரிசைக் கிழவர்கள் சாப்பிடும்போது தன் வேலை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவான். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளும் யோசனை வந்த வருஷங்களில் அப்பா படுக்கையில் இருந்தார். யோசனை வராத வருஷங்களில் பழகிப்போய்விட்டது.

அப்பாவை எடுத்துப் போட்டுக் கவனித்தது அக்காதான். அவளுடைய நல்ல வயதெல்லாம் அந்தக் கட்டிலைச் சுற்றியே கழிந்தது. அப்பாவுக்குத் தம்பி செய்துகொடுத்த பல்செட்தான் அவன் தொழிலில் முதல் செட். "பீங்கான் கோப்பை மாதிரி வெள்ளையா வேண்டாம்டா. என் பல்லு எப்படி இருந்துதோ அப்படியே வேணும்" என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அவர் பல் பீடிப் புகையில் ஊறிய ஒரு பழைய மஞ்சள். அந்த மஞ்சளில் யாரும் பல் கேட்கமாட்டார்கள். பொடியை அவனே கலந்தான். ராத்திரியானால் அக்கா அந்த செட்டைக் கழற்றிக் கழுவி, கைகழுவும் தொட்டி மேல் இருந்த கண்ணாடி டம்ளரில் போடுவாள்; காலையில் எடுத்துக் கழுவி மாட்டிவிடுவாள். அப்பா போன பிறகும் டம்ளர் அங்கேயே இருந்தது. எடுத்து வைக்க இருவருக்கும் தோன்றவில்லை. அல்லது இருவருக்கும் தோன்றி, மற்றவர் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அக்கா மளிகை மொத்தக் கடையில் சரக்கு நிறுக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். கடைத் தராசுகளைச் சரிபார்க்க வருஷா வருஷம் வருகிறவர்தான் மாப்பிள்ளை. மனைவியை இழந்தவர். ஒரு தடவை வந்தபோது, "எல்லார் கை பட்டாலும் முள்ளு ஆடுது. உங்க கை பட்டா நின்னுடுது" என்று சொன்னாராம். தராசுக்காரர் ஒருவர் அதற்கு மேல் என்ன காதல் வசனம் பேசமுடியும்? அக்கா அன்று வீட்டுக்கு வந்து முட்டையில் உப்புப் போட மறந்துவிட்டாள். தம்பி உப்பில்லாத முட்டையைத் தின்றபடி விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"போக்கா. நல்ல மனுஷன். நல்ல கடி" என்றான்.

"நான் போயிட்டா நீ?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போயிடலாம். உன்னை யாரு வச்சுக்குவாங்க?"

வீட்டில் உயிருள்ள ஏதாவது ஒன்று இருந்தால்தான் தன்னால் கிளம்பமுடியும் என்று அக்கா சொன்னாள். நாய் வேண்டாம். முன்பு ஒரு நாய் ஜன்னலில் காயவைத்த கீழ்த்தாடையைத் தூக்கிக்கொண்டு ஓடி, தம்பி அதைத் தெரு முழுக்கத் துரத்தவேண்டி வந்தது. கிளி பேசும், ஆனால் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும், அந்த வீட்டில் கேட்க என்ன இருக்கிறது? கடைசியில் மீன் என்று முடிவானது. மீனுக்குப் பல்செட் தேவைப்படாது, அதனால் தொழிலும் வீடும் குழம்பாது என்று தம்பி சொன்னான்.

நல்ல தண்ணீர் மீன் வாங்கியிருந்தால் விஷயம் சீக்கிரம் முடிந்திருக்கும். உப்புத் தண்ணீருக்கு அவன் போனதற்கு அவன் வெளியில் சொன்ன காரணம் ஒன்று, சொல்லாத காரணம் ஒன்று. சொன்ன காரணம் ஒரு மீன். மழைக்கு ஒதுங்கிய கடையில் அதைப் பார்த்தான். விரல் நீளம்தான். தலையிலிருந்து பாதி உடம்பு வரை அழுத்தமான ஈறு நிறம். பாதியிலிருந்து வால் வரை பழைய பல்லின் மஞ்சள். யாரோ தொழில் தெரிந்த ஆள் இரண்டு பொடிகளைக் கலக்காமல் ஒட்டவைத்த மாதிரி, நடுவில் ஒரு நேர்கோடு. "என்னய்யா இது, பல்செட் நீந்துது!" என்று அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். சொல்லாத காரணம், நல்ல தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் தயாராகிவிடும், உப்புத் தண்ணீர் பழுக்க மாதக் கணக்காகும் என்று கடைக்காரர் சொன்னது. மாதக் கணக்கு என்ற சொல் அவனுக்கு இனிப்பாக இருந்தது.

அதற்கப்புறம் தண்ணீரைப் பரிசோதிக்கிற சாக்கில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு அடிக்கடி அந்தக் கடைக்குப் போனான். கடைக்காரருக்கு எந்நேரமும் ஈரமான கை, உப்பில் வெளிறிய நகம். ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் மார்க்கரில் ஒரு சொல் எழுதியிருப்பார்: தனி, ஜோடி, கூட்டம். மீனின் பெயரை எழுதமாட்டார். "பேரு என்னாத்துக்கு? யார்கூட இருக்கும், இருக்காது, அதான் தெரியணும்" என்பார்.

"இவரு கோமாளி மீனு. எது போட்டாலும் சாப்பிடுவாரு. பிரச்சினையில்லாதவரு. ஜோடியா வாங்கிக்குங்க."

"ஆணொண்ணு பெண்ணொண்ணா?"

"சின்னதுல எல்லாம் ஒண்ணுதான். ரெண்டுல எது பெருசா வளருதோ அது பொம்பளை. அது செத்துப்போச்சுன்னா ஆம்பளை பொம்பளையா மாறிடும்."

"எங்க அக்கா போனதும் எங்க வீட்டுலயும் அதான் நடக்கப்போகுது. சமையக்கட்டைப் பார்க்க ஆள் வேணுமில்ல? ஒரே தொட்டியில ரெண்டு கோமாளி எதுக்கு, நான் ஒருத்தன் போதும்."

பச்சையும் நீலமும் குழைத்துப் பூசிய ஒரு மீனின் முன் அவன் நின்றான். அத்தனை அழகு.

"அதை மட்டும் கேக்காதீங்க" என்றார் கடைக்காரர். "நாம போடறதைத் தொடாது. பாறையில ஊர்ற பூச்சியைத்தான் பொறுக்கித் தின்னும். உங்க புதுத் தொட்டியில அதுக்கு என்ன இருக்கு? கண்ணு முன்னாலயே பட்டினி கிடந்து போயிடும்."

கடைசி மாதங்களில் வாயைத் திறக்காத அப்பாவின் நினைவு வந்தது. தம்பி அடுத்த தொட்டிக்கு நகர்ந்தான். முள்ளை விசிறிபோல் விரித்த ஒன்று கூட இருப்பதை விழுங்கிவிடுமாம். தட்டு மாதிரி அகலமாக இருந்த மஞ்சள் மீனுக்கு நீந்த ஒரு கூடமே வேண்டுமாம். எப்படிச் சுற்றினாலும் கால் கடைசியில் அந்தப் பல்செட் மீனின் முன்தான் வந்து நிற்கும். அதன் கண்ணாடியில் 'தனி' என்று எழுதியிருந்தது.

"கெட்டி மீன். நோய் நொடி வராது. ஆனா ஒண்ணுதான். இன்னொண்ணைக் கேட்டா நான் தரமாட்டேன்" என்று கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் பிளாஸ்டர் எதுவும் காயவில்லை, மெழுகு பூத்தது, வேலை தேங்கியது. ஆனால் தண்ணீர் பழுத்துவிட்டது. கடைக்காரர் கண்ணாடிக் குழாயில் மருந்துத் துளியை விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பழம்!" என்றார். தம்பி அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவர வழியில் ஒரு டீ குடித்தான். இன்னொரு டீயும் குடித்தான்.

அக்கா செய்தியைக் கேட்டு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அப்ப நானும் வர்றேன். நான் பார்க்காம வாங்கக் கூடாது" என்றாள்.

கடையில் அவள் நேராக அந்தத் தொட்டியின் முன் போய் நின்றாள்.

"இதுக்கு ஏன் தனின்னு எழுதியிருக்கு?"

"அதோட குணம் அப்படிம்மா. தன் இனத்தைக் கண்டா ஆகாது. அடிச்சுக்கும்."

"இத்தனூண்டு உயிரு. இதுக்கு என்ன தெரியும் இனம் சனம்னு? பழக்கினா பழகிடும்."

"கடல்லயே பழகலியேம்மா."

"கடல்ல அதைப் பழக்க யாரு இருந்தா?"

கடைக்காரர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். தம்பி குறுக்கே வந்தான்.

"ஒண்ணே போதும்க்கா. இல்லைன்னா கோமாளி ஜோடி எடுத்துக்குவோம். ஒத்துமையா இருக்கும்."

"உனக்கு இதுமேலதானே ஆசை? இதைப் பார்த்துத்தானே இத்தனை மாசம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னே? உனக்குப் பிடிச்சதை வாங்கித் தராம கோமாளியை வாங்கித் தந்துட்டுப் போனா எனக்கு நல்லாவா இருக்கும்?"

"அப்ப ஒண்ணு வாங்கலாம்."

"ஒண்ணு கூடாது." அவள் 'தனி' என்ற எழுத்தை விரலால் தொட்டாள். "நான் போனதுக்கப்புறம் அந்த வீட்டுல ஒரு தனி ஆளும் ஒரு தனி மீனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்குமா? ரெண்டா குடுத்தா வாங்கு. இல்லையா, அவருக்கு நான் சொல்லி அனுப்பிடறேன். ரயில் செலவாவது மிச்சமாகட்டும்."

மீன்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். கடைசியில் கடைக்காரர், "இருக்கறதுலயே சின்னதா ரெண்டு தர்றேன். சேர்ந்தே வளர்ந்தா சில சமயம் ஒத்துப்போகும். சில சமயம்தான். நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார்.

"நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் வளர்ந்தோம்" என்றாள் அக்கா. "இவன் சின்ன வயசுல என்னைக் கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு. இப்ப பாருங்க, எவ்வளவு சாதுவா நிக்கிறான்."

இரண்டு பைகளில் இரண்டு மீன்கள் வீட்டுக்கு வந்தன. பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைப் பழக்கி, கடைசியில் திறந்துவிட்டார்கள். ஒன்று பாறையின் இந்தப் பக்கப் பொந்தில் போய் ஒண்டிக்கொண்டது, மற்றது அந்தப் பக்கப் பொந்தில். தலை மட்டும் வெளியே தெரிந்தது. "பார்த்தியா, எவ்வளவு மரியாதை. ஆளுக்கொரு ரூம்" என்றாள் அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து தொட்டியின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தேதி குறித்தார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மதியம் வண்டி. தம்பி எல்லோருக்கும் டீ போட்டான். மாப்பிள்ளையை மாமா என்று கூப்பிடவேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தவன், "சார், சர்க்கரை போதுமா?" என்றான்.

அந்த மீன்களை வைத்துப் பார்த்தால் மரியாதை என்பது ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கும் காலம்தான் போலிருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு விடியலில் தீனி போடப் போன தம்பி ஒன்றை மட்டும்தான் கண்டான். அது தொட்டியின் நடுவில், வீட்டுக்காரர் மாதிரி நின்றிருந்தது. மற்றது பாறைக்குப் பின்னால் மணலில் சாய்ந்து கிடந்தது. வாலில் பாதி இல்லை. துடுப்பெல்லாம் கந்தல். கண் மட்டும் அப்படியே இருந்தது.

சமையலறையில் அக்கா வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. நடு அறையில் அவள் பெட்டி பாதி நிரம்பி, மூடியைத் திறந்துபோட்டபடி இருந்தது. ஒவ்வொரு நாளும் அதில் எதையாவது வைப்பாள், எதையாவது எடுத்துவிடுவாள். பெட்டி நிரம்பாமலே இருக்க அவள் ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். இதோ, அந்த வழி மணலில் கிடக்கிறது. கூப்பிட்டால் போதும். அவள் வந்து பார்ப்பாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். நாளைக்கும் அதற்கு மறுநாளும் இதே வெங்காயச் சத்தம் கேட்கும். அவன் ஒரு பொய்யும் சொல்லவேண்டியதில்லை. உண்மையைச் சொன்னாலே போதும், அக்கா இருந்துவிடுவாள்.

"அக்கா" என்று கூப்பிட்டேவிட்டான்.

"என்னடா?"

வெங்காயச் சத்தம் நின்றது. அவன் வாய் திறந்தபடியே நின்றான், அலமாரித் தாடைகளில் ஒன்றைப் போல.

"ஒண்ணுமில்ல. தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கு. நான் பார்த்துக்கறேன், நீ வராதே."

டீ வடிகட்டியால் மீனை எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

இன்னொரு மீன் வாங்கிப்போட்டால் அதுவும் செத்துப்போகும். அது கொலை. யோசித்துப் பார்த்ததில் அவன் கைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. இல்லாமல் போனதற்குப் பதிலாக ஒன்றைச் செய்து, இருக்கிற மாதிரி காட்டுவது. இத்தனை வருஷமாக அவன் பிழைத்ததே அதில்தான்.

அச்சுப் பசையைக் குழைத்து மீனை அதில் படுக்கவைத்தான். "வாயை நல்லாத் திறங்க என்று சொல்லவேண்டியதில்லாத முதல் வாடிக்கையாளர்" என்று நினைத்துக்கொண்டான். சிரிப்பு வரவில்லை. கந்தலான வாலையும் துடுப்பையும் மெழுகில் வடித்து முழுசாக்கினான். ஈறுப் பொடியில் சிவப்பும் நீலமும் கொஞ்சம் சேர்த்துத் தலைப் பக்கத்துக்கு நிறம் பிடித்தான். வால் பக்கத்து மஞ்சளுக்கு இருக்கிற பொடிகளையெல்லாம் கலந்து பார்த்தும் பொருந்தவில்லை. எல்லாம் இந்தக் காலத்து வெள்ளைப் பற்கள். கடைசியில் அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டு ஒரு பழைய புட்டியை எடுத்தான். இருந்ததைச் சுரண்டினால் ஒரு வாலுக்குச் சரியாக வந்தது.

குடுவையில் வைத்து, மருந்து வாடை தண்ணீரில் இறங்காதபடி நெடுநேரம் வேகவைத்தான். தேய்த்தான். மெருகேற்றினான். கண்ணுக்கு ஒரு கரும்புள்ளி. நைலான் நூலில் கட்டி, அந்தப் பக்கப் பொந்துக்கு முன்னால் தொங்கவிட்டான். மோட்டாரின் நீரோட்டத்தில் அது மெல்ல ஆடியது, தலையைத் திருப்பியது, திரும்ப வந்தது. அசல் மீன் பொந்திலிருந்து புறப்பட்டு வந்து அதை ஒரு கடி கடித்தது. பின்வாங்கியது. இதென்னடா இது என்று பார்த்தது. மறுபடியும் கடித்தது.

செத்த மீனை வீட்டுக்குப் பின்னால் செடி ஓரம் புதைத்துவிட்டு வந்தபோது அக்கா தொட்டியின் முன் நின்றிருந்தாள்.

"இன்னிக்கு வெளியில வந்திருக்கே ரெண்டும்" என்றாள்.

"ஆமாக்கா. பழகிடுச்சு."

"விளையாடுதுங்க" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய், பெட்டியிலிருந்து அன்று காலை எடுத்துவைத்த இரண்டு புடவைகளையும் திரும்ப உள்ளே வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். தன் வேலை நன்றாக வந்திருக்கிறது என்று பெருமைப்படப் பார்த்தான். முடியவில்லை. முன்னறைக்குப் போய், காயாத பிளாஸ்டர் ஒன்றைக் காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்தன்று மழை சற்று விட்டிருந்தது. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பிறகு மூவரும் வீட்டுக்கு வந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். வண்டி வரக் காத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளை தொட்டியின் முன் போய்க் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இந்த ரெண்டாவது இருக்கே," என்று இழுத்தார், "இது கொஞ்சம் கனமா இருக்கிற மாதிரி நீந்துது."

தம்பி சாப்பிட்ட தட்டுகளை அவசரமாக அடுக்கத் தொடங்கினான்.

"மீனையும் நிறுக்கக் கிளம்பிட்டீங்களா?" என்று அக்கா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "போய் வண்டி வந்துதான்னு பாருங்க. லீவு நாள்ல தராசைக் கீழ வைங்க கொஞ்சம்."

மாப்பிள்ளை நல்ல மனிதர். வண்டி வந்ததா என்று பார்க்கப் போனார்.

வண்டி வந்தது. பெட்டியைப் பின்னால் ஏற்றினார்கள். அவள் எடுத்துப்போக மொத்தமே ஒரு பெட்டியும் ஒரு பையும்தான். இத்தனை வருஷம் இருந்த வீட்டிலிருந்து அவ்வளவுதானா என்று தம்பி நினைத்தான். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்தான்.

"அடுப்பை மூடினியான்னு ரெண்டு தடவை பாரு" என்றாள் அக்கா. "மருந்து வாடையில ஜன்னலைத் திறந்துவை. சாப்பிடறதுக்கு முன்னால கையைக் கழுவு. அந்தப் பிளாஸ்டரை எல்லாம் தின்னாதே."

"சரிக்கா."

"அப்புறம், அந்த ரெண்டாவதுக்குத் தீனி போடாதே. தண்ணி கெட்டுப்போகும்."

தம்பிக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்த பிறகு, "எப்ப தெரியும்?" என்றான்.

"அன்னிக்கே."

"எப்படி?"

"வாலைப் பார்த்துத்தான்." அவள் அவனைப் பார்க்காமல் வண்டியின் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்த மஞ்சளை எத்தனை வருஷம் கழுவியிருக்கேன்? ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவை. எனக்குத் தெரியாம போகுமா?"

"அப்புறம் ஏன்க்கா…"

"நீ இவ்வளவு மெனக்கெட்டு என்னை அனுப்பிவைக்கிறே. போகாம இருந்தா உன் வேலைக்கு மரியாதை இல்லையே."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். இரண்டு பேருடைய சிரிப்பும் நன்றாகப் பொருந்தவில்லை. மேல்தாடை ஒரு பக்கமும் கீழ்த்தாடை ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டது. அக்கா அவன் கையைப் பிடித்தாள், நகக்கண்ணில் ஒட்டியிருந்த மெழுகைத் தன் நகத்தால் சுரண்டி எடுத்தாள், விட்டாள்.

"நல்லா பாத்துக்குங்க மாமா" என்றான் தம்பி. இவ்வளவு நாள் வராத சொல், கேட்காமலே வந்துவிட்டது. மாப்பிள்ளை தலையாட்டினார். ஏதோ சொல்ல நினைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, சொல்லாமல் ஏறிக்கொண்டார். வண்டி தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. தேங்கியிருந்த மழைத் தண்ணீர் இரு பக்கமும் விலகி, பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

தம்பி உள்ளே வந்தான். மோட்டாரின் சத்தம் முன்பு இத்தனை பெரிதாக இருந்ததில்லை. இனி நடிப்பு யாருக்காக? சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டு, நூலை அறுத்து, பொய் மீனை வெளியே எடுத்தான். அதன் முதுகெல்லாம் பொடிப் பொடியாகக் கடித்த தடம். தொழில்காரன் கண் தானாக அதில் ஓடியது. சின்ன வாய், நல்ல கடி, ஒரு பல்கூட ஆடவில்லை. இத்தனை நாள் அந்த அசல் மீன் சும்மா இருக்கவில்லை. உயிரில்லாத ஒன்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பொய் மீனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை. அலமாரியில் வைத்தால் தாடைகளுக்கு நடுவே அதற்கு என்ன வேலை? கையில் வைத்துக்கொண்டே வீட்டை ஒரு சுற்று சுற்றினான். கடைசியில் கைகழுவும் தொட்டியின் மேல் இருந்த கண்ணாடி டம்ளரைக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்து, அதில் போட்டான். அது மெதுவாக அடியில் போய், வாலைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. அந்த மஞ்சளுக்கு அந்த டம்ளர் பழைய இடம்.

பிறகு அடுப்பைப் பற்றவைத்து முட்டையை உடைத்தான். ஒன்றை உடைத்துவிட்டு, பழக்கத்தில் இன்னொன்றையும் உடைத்துவிட்டான். உடைந்த முட்டையைத் திரும்ப ஓட்டுக்குள் போட வழியில்லை. இரண்டையும் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு தொட்டியின் முன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

அசல் மீன் பொந்திலிருந்து தலையை நீட்டியது. எதிராளி இருந்த இடத்தைப் பார்த்தது. மெல்ல வெளியே வந்து அந்தப் பொந்துக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. யாருமில்லை. பாறையைச் சுற்றியது. தொட்டியின் இந்தக் கோடி வரை வந்தது, அந்தக் கோடி வரை போனது. முழுத் தண்ணீரும் அதற்குத்தான். கடைக்காரர் எழுதிவைத்திருந்தது சரிதான். அதன் துடுப்பு அன்றைக்குத்தான் முழுசாக விரிந்தது. கடைசியில் அது கண்ணாடிக்கு வந்து அவனுக்கு நேராக நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

"என்ன, சாப்பாடா?" என்றான் தம்பி.

எழுந்துபோய் ஒரு சிட்டிகை தீனியைக் கொண்டுவந்து போட்டான். அது பாய்ந்து தின்றது. முட்டையில் ஒரு வாய் எடுத்து வைத்தபோதுதான் உப்புப் போட மறந்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. உப்புக்கு எழுந்து போகலாம். போகவில்லை.

"பார்த்தியா," என்று மீனிடம் சொன்னான், "வீடு பூரா உப்புத் தண்ணி. எனக்குத்தான் உப்பில்லை."

மீன் கேட்டுக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை. அவன் இரண்டாவது முட்டையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தான்.